அழிய வேண்டிய தாளும் அழியக் கூடாத தாளும்

விமானியின் கையை விட்டுப் பிரியாதிருந்த அந்தக் கனத்த கறுப்புப் பை இன்று விமான நிலையங்களில் அரிதாகவே கண்ணில் படுகிறது. அதனுள் அடைபட்டுக் கிடந்த வரைபடங்களும், கையேடுகளும், எடைக் கணக்கு அட்டவணைகளும் ஒரு ஐபேடுக்குள் ஒடுங்கிவிட்டன. அவற்றின் மூலப் பிரதிகளோ, எங்கோ ஒரு தேசத்தில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் கணிப்பொறிக் கூடங்களில், கிளவுட் எனப்படும் தொலைச் சேமிப்பில் இருக்கின்றன. இந்த மாறுதல் நல்லதா என்று விவாதிக்கும் காலம் கடந்துவிட்டது, நல்லதே. ஆனால் தாளைக் கைவிட்டபோது, தாளோடு ஒட்டியிருந்த ஒரு நியமத்தையும் சேர்த்தே கைவிட்டுவிட்டோம் என்பதையும், அதை மீட்டுக்கொள்ளாத விமானிக்கு எத்தனை பெரிய சேமிப்பகம் இருந்தும் பிரயோஜனமில்லை என்பதையும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

விமானிகளின் தஸ்தாவேஜுகளுக்கு ஓர் ஆதிபுருஷர் உண்டு. எல்ரி ஜெப்பசன் என்னும் அமெரிக்கர் 1930-ஆம் ஆண்டில் தபால் விமானம் ஓட்டும் உத்தியோகத்தில் அமர்ந்து, சால்ட் லேக் சிட்டிக்கும் ஷையனுக்கும் இடையே மலைத்தொடர்களின் மேல் பறந்து வந்தார். அக்காலத்தில் விமானிகளுக்கென்று முறையான வரைபடம் கிடையாது. சாலை வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு, ரயில் தண்டவாளத்தைக் கண்ணால் பின்தொடர்ந்து பறந்தார்கள். பனிக்காலத்தில் சகாக்கள் சிலர் மாண்டும் போனார்கள். ஜெப்பசன் பத்து சென்ட் கொடுத்து, தாள்களைக் கழற்றி மாட்டத்தக்க ஒரு சிறு கறுப்புக் குறிப்பேட்டை வாங்கி, ஒவ்வொரு இறங்குதளத்தின் நீளத்தையும், சரிவையும், அருகிலுள்ள தடைகளையும் அதில் குறிக்கத் தொடங்கினார். ஓய்வு நாட்களில் உயரமானியைக் கையில் எடுத்துக்கொண்டு குன்றுகளிலும் புகைபோக்கிகளிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் தாமே ஏறி அவற்றின் உயரத்தை அளந்தார். வழியிலுள்ள குடியானவர்களின் டெலிபோன் எண்களையும், அன்றைய வானிலையைக் கேட்டறிவதற்காக, எழுதி வைத்துக்கொண்டார். சக விமானிகள் பிரதி கேட்கவே, 1934-இல் அதை அச்சிட்டுப் பத்து டாலருக்கு விற்கலானார். அதிலிருந்து வளர்ந்த நிறுவனத்தின் வரைபடங்கள்தாம் இன்றும் உலகெங்கும் விமானிகளின் திரைகளில் விரிகின்றன.

இந்தக் கதையில் எல்லோரும் வியப்பது அவர் புகைபோக்கியில் ஏறியதை. எனக்கோ, அந்தக் குறிப்பேட்டின் தாள்கள் கழற்றத்தக்கவையாக இருந்தன என்பதே அதிக முக்கியமாகப் படுகிறது. ஏனெனில் ஆகாயப் போக்குவரத்தில் எந்தத் தகவலும் நிலைத்து நிற்பதில்லை. ஓடுபாதை நீட்டப்படும், அல்லது பழுது பார்ப்பதற்காகக் குறுக்கப்படும். புதிய கோபுரம் எழும்பும். ரேடியோ அலைவரிசை மாறும். இம்மாறுதல்களை ஆளுக்கொரு நாளில் அறிவித்தால் குழப்பம் மிகும் என்பதால், ஏராக் என்ற ஏற்பாட்டின்படி, உலகம் முழுவதும் 28 நாட்களுக்கு ஒருமுறை, ஒரு வியாழக்கிழமையன்று, அவை ஒருசேர அமலுக்கு வருகின்றன. ஆண்டுக்குப் பதின்மூன்று முறை இது நடக்கும். 2020-ஆம் ஆண்டில் நாட்கணக்கின் விளையாட்டால் பதினான்காவது ஒன்றும் வந்து சேர்ந்தது. காகித யுகத்தில், திருத்தத் தாள்கள் அடங்கிய உறை வந்ததும், விமானி மேஜையடியில் உட்கார்ந்து, பழைய தாளை ஒவ்வொன்றாகக் கழற்றி, அதன் இடத்தில் புதியதை மாட்டி, முதல் பக்கத்தில் திருத்த எண்ணையும் தேதியையும் எழுதி வைப்பார். அலுப்பூட்டும் வேலைதான், அதைச் சபிக்காத விமானி இருந்திருக்க மாட்டார். ஆயினும் அந்த வேலையின் அமைப்பிலேயே ஒரு பாதுகாப்பு இருந்தது. பழையதைக் கழற்றாமல் புதியதை மாட்ட முடியாது. ஓர் ஊருக்கு ஒரு தாளே இருக்கும். கழற்றிய தாள் குப்பைக் கூடைக்குப் போய்விடும்.

பையின் கனத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் யுனைடெட் நிறுவனம் தன் விமானிகளுக்குப் பதினோராயிரம் ஐபேடுகளை வழங்க முற்பட்டபோது, ஒரு விமானி சுமந்து வந்தவை சுமார் 12,000 தாள்கள், எடை 38 பவுண்டு, அதாவது பதினேழு கிலோ என்று கணக்குச் சொன்னது. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-இல் இந்த மாற்றத்தை முடித்து, ஆண்டுக்கு நான்கு லட்சம் காலன் எரிபொருள் மிச்சமாகும் என்றது. விமானிகளின் தோள்பட்டைகளுக்கு உண்டான லாபம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

லாபம் அப்படியிருக்க, நஷ்டத்தையும் பார்க்கலாம். கிளவுட் சேமிப்பில் எதுவும் சாவதில்லை. இடத்துக்குக் கட்டணம் இல்லை, அல்லது அற்பமே. ஆகையால் எதையும் அழிக்க வேண்டிய நிர்ப்பந்தம் யாருக்கும் கிடையாது. பயிற்சி விமானி ஒருவரின் சேமிப்பைத் திறந்து பார்த்தால், 'சென்னை புதியது' என்று ஒரு கோப்பும், 'சென்னை இறுதி' என்று ஒன்றும், 'சென்னை இறுதி 2' என்று மற்றொன்றும் இருக்கும். மூன்றில் எது இம்மாதத்தியது என்பதை வைத்தவரே சத்தியம் செய்து சொல்ல முடியாது. போதாக்குறைக்கு, வாட்ஸ்அப்பில் நண்பர் அனுப்பிய படம் ஒன்று கைப்பேசியில் தங்கியிருக்கும். மடிக்கணினியில் ஒரு பிரதி. ஐபேடில் ஒரு பிரதி. வீட்டு அலமாரியில் காலாவதியான மருந்துப் புட்டி புதிய புட்டியின் பக்கத்திலேயே, அதே நிறத்தில், அதே மூடியுடன் நிற்பதைப் போன்ற நிலைமை இது. தஸ்தாவேஜு தொலைந்துபோவதைப் பற்றியே எல்லோரும் எச்சரிக்கிறார்கள். அது தொலைய மறுத்துத் திரும்பத் திரும்பக் கண்முன் வந்து நிற்பதால் விளையும் அபாயத்தைப் பற்றிப் பேசுவார் இல்லை.

ஒரு பொருளுக்கு இரண்டு பெயரும், இரண்டு பொருளுக்கு ஒரே பெயரும் இருப்பதால் என்ன நேரும் என்பதற்கு, கோப்புகளைப் பற்றியதல்லாவிட்டாலும், மறக்க முடியாத உதாரணம் ஒன்று இருக்கிறது. 1995 டிசம்பர் 20-ஆம் தேதி இரவு, மயாமியிலிருந்து கொலம்பியாவின் காலி நகருக்குச் சென்ற அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 965, இறங்குவதற்குச் சற்று முன், வழியிலுள்ள ரோஸோ என்ற வானொலிக் குறியை நோக்கி நேரே திரும்ப முற்பட்டது. விமானிகளின் கையிலிருந்த காகித வரைபடத்தில் ரோஸோவுக்கு 'ஆர்' என்ற எழுத்தே அடையாளம். அந்த எழுத்தை விமானத்தின் கணிப்பொறியில் தட்டியபோது, அதன் தரவுப் பட்டியலில் முதலாவதாக நின்றது, போகோட்டா நகரத்தின் அருகே வெகு தொலைவில் இருந்த ரோமியோ என்னும் வேறொரு குறி. ரோஸோவை அடைய வேண்டுமானால் அதன் முழுப்பெயரையும் தட்டியிருக்க வேண்டும். விமானம் இருளில் இடப்பக்கம் திரும்பிப் போய், பின்னர் பூகா என்ற ஊருக்கு அருகே மலையில் மோதிற்று. 163 பேரில் 159 பேர் மாண்டனர். விசாரணையாளர்கள் முதன்மையாக விமானிகளின் தீர்மானங்களையே குறை கூறினார்கள் என்பது மெய்; இருந்தாலும், காகிதத்தில் ஒரு பெயரும் யந்திரத்தில் வேறொரு பெயருமாக வைத்த முறையின் பங்கும் அறிக்கையில் பதிவாகியிருக்கிறது. அவசரத்தில் இருக்கும் மனிதன் பட்டியலில் முதலில் நிற்பதையே தொடுவான். கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்கள் இந்த ஒரு மனித சுபாவத்தை நினைவில் கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

பெயர் சூட்டுவதற்கு நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆகாய உலகம் ஏற்கெனவே நான்கெழுத்துக் குறியீடுகளை வகுத்துத் தந்திருக்கிறது. சென்னைக்கு விஓஎம்எம், திருச்சிக்கு விஓடிஆர், மதுரைக்கு விஓஎம்டி, கடல் கடந்தால் யாழ்ப்பாணத்துக்கு விசிசிஜே. கோப்பின் பெயர் இக்குறியீட்டில் தொடங்கி, வரைபடத்தின் வகையைச் சொல்லி, அமலுக்கு வரும் தேதியில் முடிய வேண்டும்; அத்தேதியும் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் இருந்தால், கணிப்பொறி தானாகவே காலக்கிரமத்தில் அடுக்கிவிடும். நம் வழக்கப்படி நாளை முதலில் எழுதினால், 2023 மார்ச்சின் தாளும் 2026 மார்ச்சின் தாளும் அடுத்தடுத்து வந்து நிற்கக்கூடும். 'புதியது', 'இறுதி' போன்ற சொற்களுக்குக் கோப்புப் பெயரில் இடமே கொடுக்கலாகாது. அவை எழுதிய கணத்திலேயே பொய்யாகத் தொடங்கிவிடுகின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, நடப்பு வரைபடங்களின் அறையில், அதாவது கோப்புறையில், ஓர் ஊருக்கு ஒரே தொகுதிதான் இருக்கலாம் என்ற பழைய குறிப்பேட்டு விதியை விமானி தமக்குத் தாமே விதித்துக்கொள்ள வேண்டும். இந்திய விமான நிலையங்கள் ஆணையம் இந்நாட்டு வரைபடங்களை இணையத்தில் இலவசமாகவே வெளியிடுகிறது. பழைய பிரதி ஒன்றைப் பத்திரப்படுத்தி வைப்பதில் லாபம் எதுவும் இல்லை.

அழிய வேண்டிய இத்தகைய தாளுக்கும், பின்னால் சொல்லப்போகும் அழியக் கூடாத தாளுக்கும் நடுவே, தேதி குறித்துக் காலாவதியாகும் சான்றுகள் சில இருக்கின்றன: வயதுக்கேற்ப ஆண்டுக்கொருமுறையோ ஆறு மாதத்துக்கொருமுறையோ புதுப்பிக்கப்படும் மருத்துவத் தகுதிச் சான்று, வானொலி உரிமம், ஆங்கிலத் தேர்ச்சிச் சான்று, பாஸ்போர்ட். இவற்றின் பழைய பிரதிகளும் என்றாவது கேட்கப்படலாம். ஆகையால் அவற்றை வேறோர் அறைக்கு மாற்றினால் போதும். முடியும் தேதியைக் கோப்பின் பெயரிலேயே எழுதிவிட்டு, அதற்கு இரண்டு மாதம் முன்னதாகக் கைப்பேசி நாட்காட்டியில் ஒரு நினைவூட்டலையும் வைத்துவிட்டால், இந்த விஷயத்தில் வேறு சாமர்த்தியம் எதுவும் தேவையில்லை.

சேமிப்பகத்தில் இருப்பதும் கையில் இருப்பதும் ஒன்றென்று எண்ணுவது அடுத்த மயக்கம். பறக்கும் விமானத்தின் முன்னறையில் இணையம் கிடைக்கும் என்று நம்பி எவரும் புறப்படலாகாது. இதில் ஒரு நுட்பமான கண்ணியும் உண்டு. கருவியில் இடம் குறையும்போது, நெடுநாள் திறக்கப்படாத கோப்புகளின் உட்பொருளை அது சத்தமின்றிக் கிளவுடுக்கு அனுப்பிவிட்டு, பெயரை மட்டும் திரையில் வைத்திருக்கும். தரையில் தொட்டால் உடனே திறக்கும் அக்கோப்பு, ஆகாயத்தில் தொட்டால் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆகவே, அன்றைய பயணத்துக்கு வேண்டியவற்றை இணையமின்றியும் திறக்கும்படி கருவியிலேயே இறக்கி வைப்பதும், புறப்படுமுன் இணையத்தை அணைத்துவிட்டு ஒவ்வொன்றையும் ஒருமுறை திறந்து பார்ப்பதும், எரிபொருள் அளவைச் சரிபார்ப்பதற்கு நிகரான கடமைகள். 2015 ஏப்ரல் 28-ஆம் தேதி அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகளின் ஐபேடுகளில் வரைபடச் செயலி திடீரென்று செயலிழந்து, டஜன் கணக்கில் விமானங்கள் தாமதமாயின. சில விமானங்கள் வைஃபை பிடிப்பதற்காகவே புறப்பாட்டு வாயிலுக்குத் திரும்பி வர நேர்ந்தது. காரணம் என்னவென்றால், வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் வரைபடம் ஒன்று தரவுத்தளத்தில் இரட்டையாக இடம்பெற்றிருந்ததுதான். பழைய குறிப்பேட்டில் ஒரு தாள் தவறிப்போய் இரண்டு முறை மாட்டப்பட்டிருந்தால் ஒன்றைக் கிழித்து எறிந்திருப்பார்கள். அதற்காக ஒரு பிரயாணியும் காத்திருக்க வேண்டியிருந்திராது.

நம் ஊர்ப் பயிற்சி விமானங்களில் இன்னொரு எதிரியும் உண்டு. ஐபேடைத் தயாரிப்பவர்கள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் பயன்படுத்தச் சொல்கிறார்கள். குளிர்சாதனம் இல்லாத ஒரு செஸ்னாவின் கண்ணாடிக் கூண்டில், சித்திரை வெயிலில், அந்த வரம்பு ஓடுபாதையை அடையுமுன்னரே கடந்துவிடும்; கருவி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே அணைந்துவிடும். ஆதலால் நிழலில் வைத்த இரண்டாவது கருவி ஒன்றோ, அன்றைக்குப் போகும் ஊர்களின் நாலைந்து தாள்களோ கூட இருக்க வேண்டும். காகிதத்தை ஒழித்துவிட்டோம் என்ற பெருமைக்காக அந்த நாலைந்து தாள்களையும் ஒழிப்பது விவேகமாகாது.

இனி, எக்காலத்திலும் அழியக் கூடாத தாளுக்கு வருவோம். விமானியின் லாக் புக் என்பது அவருடைய ஜீவிதத்தின் கணக்கேடு. தேதி, விமானத்தின் வகை, 'விடி' என்று தொடங்கும் அதன் பதிவெண், புறப்பட்ட ஊர், சேர்ந்த ஊர், பகலா இரவா, தனியாகவா ஆசிரியருடனா என்று ஒவ்வொரு பறப்பும் வரிவரியாக அதில் ஏறுகிறது. இந்த வரிகள் 200 மணி நேரமாகத் திரளும்போது வணிக விமானி உரிமமும், 1,500 மணி நேரமாகத் திரளும்போது விமானத் தலைவராகும் உயர்நிலை உரிமமும் கிட்டும். தமிழ்நாட்டில் நிலத்தையும் நகையையும் ஈடுவைத்துப் பிள்ளையைப் பறக்கப் படிக்க வைக்கும் குடும்பங்கள் பல. அப்படிச் செலவழித்த பணத்துக்கு உலகில் எஞ்சி நிற்கும் ஒரே சாட்சியம் அந்த வரிகள்தாம். அவை மதிப்புள்ளவை என்பதற்கு, அவற்றைப் பொய்யாக எழுதுவோர் இருப்பதே அத்தாட்சி: பறக்காமல் பேனாவால் மட்டும் சம்பாதித்த நேரத்தைப் 'பார்க்கர் பேனா மணி' என்று விமானிகள் கேலி செய்வதுண்டு; போலி மதிப்பெண் பட்டியலைக் காட்டி உரிமம் பெற்றதாகச் சில விமானிகள் 2011-இல் இந்நாட்டில் கைதானதும் நினைவிருக்கும். எனவே லாக் புக்கை மின்வடிவில் வைப்பவர், எப்போது வேண்டுமானாலும் திருத்தத்தக்க ஓர் அட்டவணையாக மட்டும் அதை விட்டுவைக்காமல், மாதந்தோறும் ஆசிரியரின் கையொப்பத்துடன் மாற்ற முடியாத பிரதியாக்கி, அந்த மாதத்தின் பெயரிட்டு வைப்பது அவருக்கே கவசம்.

அந்தப் பிரதி யாருடைய கணக்கில் இருக்கிறது என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சிப் பள்ளி தரும் மின்னஞ்சல் முகவரியிலும், விமான நிறுவனம் தரும் ஐபேடிலும் எல்லாவற்றையும் வைத்திருப்பவர், அந்த ஸ்தாபனம் நிலைத்திருக்கும்வரைதான் ஆவணம் உடையவர். 2012-இல் கிங்ஃபிஷரும், 2019-இல் ஜெட் ஏர்வேஸும், 2023-இல் கோ ஃபர்ஸ்டும் பறப்பதை நிறுத்தியபோது, வேறு வேலை தேடிய விமானிகள் முதலில் எடுத்துக்காட்ட வேண்டியிருந்தது தங்கள் பறப்பு நேரத்தையும் பயிற்சிச் சான்றுகளையும்தான். சொந்தக் கணக்கில் வைத்தாலும் ஒரே இடம் போதாது. 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் தரவுக் கூடம் ஒன்று தீயில் எரிந்து போயிற்று. வேறெங்கும் நகல் வைக்காத வாடிக்கையாளர் சிலரின் தரவு திரும்பவே இல்லை. ஒன்று கிளவுடில், ஒன்று வீட்டிலுள்ள தனி வட்டில், அச்சிட்டது ஒன்று அலமாரியில் என மூன்று பிரதிகள் வைத்திருப்பது அதிகப்படியான ஜாக்கிரதை என்று எனக்குத் தோன்றவில்லை.

அரசே எல்லாவற்றையும் காத்துக் கொடுத்துவிடுமே, விமானி ஏன் சிரமப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. சிவில் விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்ககமான டிஜிசிஏ, தன் இஜிசிஏ தளத்தின் வாயிலாக மின் லாக் புக்கை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் விமானிகளுக்கு மின்னணு உரிமமும் வழங்கத் தொடங்கி, சீனாவுக்கு அடுத்தபடியாக இதைச் செய்யும் நாடு இந்தியா என்று அறிவித்தது. பாராட்டத்தக்க முயற்சி, ஓர் அட்டைக்காக டில்லியை எதிர்நோக்கிக் காத்திருந்த காலம் போய்விட்டது. ஆயினும் அரசின் பதிவேடு அரசுக்குத் தேவையானதைத்தான் வைத்திருக்கும். அதில் ஒரு பறப்பு விடுபட்டாலோ, பதிவெண் பிழையாக ஏறினாலோ, திருத்தக் கோருபவர் தம்மிடம் உள்ள சான்றைத்தான் நீட்ட வேண்டும். நீட்டுவதற்கு ஒன்றும் இல்லாதவரின் நியாயம் எடுபடாது.

தனிமறைவைப் பற்றி ஒரு வார்த்தை. பாஸ்போர்ட்டும் மருத்துவ அறிக்கையும் ஒருங்கே கிடக்கும் அறைக்கு இரட்டைப் பூட்டு, அதாவது கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாவது சரிபார்ப்பு ஒன்று, கட்டாயம் வேண்டும். நிறுவனத்தின் இயக்கக் கையேடுகளைச் சொந்தச் சேமிப்பில் ஏற்றுவதோ, அதன் இணைப்பை நண்பர் குழுவில் போடுவதோ வேலைக்கே உலை வைக்கும். இதில் சலுகை எதிர்பார்க்க இடமில்லை.

நிறைவாக, விமானிகளால் மட்டும் ஆகாத காரியம் ஒன்று இருக்கிறது. டிஜிசிஏவின் அனுமதி பெற்ற பயிற்சிப் பள்ளி ஒவ்வொன்றும், மாணவரின் பறப்புப் பதிவை மாதந்தோறும் கையொப்பமிட்ட பிரதியாகவும், எந்தக் கணிப்பொறியிலும் திறக்கத்தக்க அட்டவணையாகவும், கட்டணமின்றி அவருடைய சொந்தக் கணக்குக்கு அனுப்ப வேண்டும் என்பதை அனுமதிக்கான நிபந்தனையாக டிஜிசிஏ விதிக்க வேண்டும். கட்டணம் பாக்கி என்பதற்காகப் பதிவைப் பிடித்து வைக்கும் உரிமை எந்தப் பள்ளிக்கும் இருக்கலாகாது. பாக்கியை வசூலிக்க வேறு வழிகள் உள்ளன, பறந்த மணியை மறுபடி பறக்க வழியில்லை. பள்ளி மூடப்படும்போது அதன் பதிவுகள் முழுவதும் டிஜிசிஏ வசம் ஒப்படைக்கப்பட வேண்டிய காலக்கெடுவும் அந்நிபந்தனையில் எழுதப்பட வேண்டும். சேர்க்கைக்காகப் பள்ளியின் அலுவலகத்தில் காசோலையோடு உட்கார்ந்திருக்கும் பெற்றோர் அதுவரை பொறுத்திருக்க வேண்டியதில்லை; இம்மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தரும்படி அன்றைக்கே கேட்கலாம். எழுதித் தரத் தயங்கும் பள்ளியில் காசோலையைக் கொடுக்காமல் திரும்புவதே நலம்.